தோள்வலிக்கு வாங்கிய வெந்நீர்ப் பை

சினைப்பைக் கட்டிக்கு லேப்ராஸ்கோபி (சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) முடிந்து வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி, வயிற்றுத் தையலைவிட வலது தோள்பட்டைதான் என்னை அழ வைத்தது. படுத்தால் குறையும், எழுந்து உட்கார்ந்தால் தோள் நுனியில் குத்தும். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை, தையல், மறுபடி வரவேண்டிய தேதி எல்லாம் இருந்தது. இந்த வலியைப் பற்றி ஒரு வரி இல்லை. மாரடைப்போ என்று அம்மா பயந்துபோனார்.

நாத்தனார் நர்ஸ். போனில் முதலில், "மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், காய்ச்சல் ஏதாவது இருக்கா அண்ணி? இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார். இல்லை என்றதும் காரணத்தைச் சொன்னார். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்புவார்கள். மிச்சம் இருப்பது, உட்காரும்போது மேலே ஏறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்தும். அந்தத் தசையின் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரியும். குடலுக்கு வெளியே இருக்கும் வாயு என்பதால் கேஸ் மாத்திரை கேட்காது. இரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாகத்தான் போகும்.

மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் 280 ரூபாய்க்கு ரப்பர் வெந்நீர்ப் பை வாங்கி வந்தார்கள், 2 லிட்டர். மூடி இறுக்கமாக இருக்கிறது, ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. துண்டில் சுற்றினால் முக்கால் மணி நேரம் சூடு நிற்கிறது. ஆனால் உறை தரவில்லை, ரப்பர் வாடை இரண்டு நாள் போகவில்லை. பெரிய குறை எடைதான். முழுக்க நிரப்பினால் தோளில் வைக்க முடியாது, ஆபரேஷன் ஆனவர் தூக்கவும் கூடாது. பாதி மட்டும் ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடச் சொன்னேன். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், தையல் பக்கம் வைக்கவே வேண்டாம்.

ஒத்தடத்தில் வாயு போய்விடாது. விறைத்துப்போன கழுத்தும் தோளும் இளகின, கொஞ்சம் தூங்க முடிந்தது. உண்மையில் எனக்கு வேகமாகக் கேட்டது, தலையணையை இடுப்புக்கு அடியில் கொடுத்து மல்லாந்து படுத்ததுதான். அப்புறம் வலி மாத்திரையை நேரம் தவறாமல் போட்டதும், வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடந்ததும். நான்காம் நாள் வலி போய்விட்டது.

வாங்குவதென்றால் 1 லிட்டர் பையை, துணி உறையோடு வாங்குங்கள். அடுத்த மாதம் என் தங்கைக்கு ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைக் கட்டி) ஆபரேஷன். முடிக்கும் முன் நுரையீரலை விரிய வைத்து மிச்ச வாயுவை வெளியேற்றும் முறை இருக்கிறதாம். அதைச் செய்வார்களா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.