மணிக்கணக்கா, வேலைக்கணக்கா, மாதக்கணக்கா? ஃப்ரீலான்ஸ் டிசைனருக்கு எது கட்டுப்படியாகும்?

லோகோ, புத்தக அட்டை, பிரோஷர், சமூக ஊடகப் போஸ்டர் என்று தனியாகத் தொழில் செய்யும் டிசைனர் மூன்று விதமாகக் கூலி கேட்கலாம்: செலவான மணிக்கு, முடித்துக் கொடுக்கும் வேலைக்கு, அல்லது மாதம் இவ்வளவு என்று. எதில் இறங்கினாலும் உங்கள் அடிவிலை, அதாவது கட்டுப்படியாக மணிக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்பது, முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் சொல்லும் தொகை வெறும் குருட்டுக் கணக்கு.

ஓர் உதாரணம். வீட்டுச் செலவு 35,000. சாஃப்ட்வேர் சந்தா, இணையம், கணினித் தேய்மானம் 8,000. மருத்துவக் காப்பீடும் வரியும் 7,000. வேலையில்லாத மாதத்துக்கு ஒதுக்குவது 10,000. ஆக 60,000 ரூபாய். மாதம் 22 நாள் உட்கார்ந்தாலும் பில் போடக்கூடிய நேரம் சுமார் 100 மணிதான். மீதியைக் கொட்டேஷன், போன், பில், புது ஆள் தேடல் தின்றுவிடும். எனவே அடிவிலை மணிக்கு 600. பலர் நாளுக்கு எட்டு மணி என்று 176 மணியால் வகுத்து 340 என்று வைத்துக்கொள்கிறார்கள். மாதம் முழுக்க வேலை இருந்தும் கையில் காசு நிற்காததற்கு முக்கியக் காரணம் இந்த வகுத்தல்தான்.

வேலைக்கணக்கு

லோகோ ஒன்றுக்கு விசாரணையும் ஆய்வும் 5 மணி, ஸ்கெட்ச் 10, செம்மை 10, இறுதிக் கோப்புகள் 5. மொத்தம் 30 மணி, 18,000 ரூபாய். எதிர்பாராததற்குக் கால் பங்கு சேர்த்தால் 22,500. கை வேகமானவருக்கு இதுதான் லாபம்: 22 மணியில் முடித்தால் மணிக்கு ஆயிரத்துக்கு மேல் நிற்கும்.

இதைக் கெடுப்பது திருத்தம். "இன்னொரு கலர்ல பாக்கலாமே" என்று இழுத்து 50 மணி ஆனால் அதே வேலை மணிக்கு 450க்கு இறங்கிவிடுகிறது. "இரண்டு சுற்றுத் திருத்தம்" என்று மட்டும் எழுதினால் போதாது. சுற்று எது என்பதையும் எழுத வேண்டும். எல்லாக் கருத்துகளையும் திரட்டி ஒரே மெயிலில் ஒருவர் அனுப்புவது ஒரு சுற்று. முதலாளி ஒன்று சொல்லி, அவர் தம்பி வேறொன்று சொல்லி, வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக வந்தால் கணக்கு வைக்கவே முடியாது.

பணத்தை 50, 30, 20 சதவீதமாகப் பிரியுங்கள்: தொடங்குமுன் பாதி, வடிவம் தேர்வானதும் 30, இறுதிக் கோப்பு கொடுக்குமுன் 20. 15 நாள் பதில் இல்லையென்றால் வேலை நிறுத்தப்படும், மறுபடி தொடங்கத் தனிக் கட்டணம் என்றும் எழுதிவையுங்கள். கடைசித் தவணை தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஏமாற்று எண்ணமாக இருக்காது. கடை திறப்பு தள்ளிப்போயிருக்கும்.

மாதக்கணக்கு

தொழில் நிலைக்க இதுதான் முதுகெலும்பு என்பது எங்கள் உறுதியான கருத்து. மாதம் 12 போஸ்டர், 4 பேனர், ஒரு பிரோஷர் பக்கம் என்று எண்ணிக்கையில் ஒப்புக்கொள்ளுங்கள். 25 மணி என்றால் 15,000. நிரந்தர வேலை என்பதற்காக 10 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள். நிறுவனம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) 10 சதவீதம் பிடித்தால் கைக்கு வருவது இன்னும் குறையும். அது ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போதுதான் வரியில் கழியும். பிடித்த தொகை வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள்.

"டிசைன் வேலை எல்லாம் பாத்துக்குங்க" என்ற ஒப்பந்தம் மூன்றாம் மாதத்தில் முறியும். தீபாவளியும் பொங்கலும் வரும்போது வாழ்த்துப் போஸ்டர், தள்ளுபடி பேனர், டீலருக்குத் தனி அளவு என்று எல்லா வாடிக்கையாளரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள். பண்டிகை வேலைக்குப் பட்டியல் 20 நாள் முன்பே வர வேண்டும், பிந்தினால் ஒன்றரை மடங்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பயன்படுத்தாத எண்ணிக்கை அடுத்த ஒரு மாதம் வரைதான் செல்லும். பணம் மாதம் 5ஆம் தேதிக்குள் முன்கூட்டியே வர வேண்டும். விலக இருபுறமும் 30 நாள் அவகாசம்.

ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வந்தால், அடுத்த ஆளைத் தேடத் தொடங்குங்கள். அந்த வாடிக்கையாளர் தன் மார்க்கெட்டிங் மேலாளரை மாற்றினாலே உங்கள் மாதம் ஆடிப்போகும். மாதக்கணக்கில் 50 மணி, மீதி வேலைக்கணக்கில் என்பது நல்ல கலவை.

மணிக்கணக்கு

வேலையின் அளவே தெரியாதபோது மட்டும்: பிறர் செய்த கோப்பை அச்சுக்குத் திருத்துவது, ஆலோசனை, பழைய கேட்டலாக்கை ஒழுங்குபடுத்துவது. அனுபவம் கூடி வேகம் ஏற ஏறக் கூலி குறையும் முறை இது. "15 மணி வரை, தாண்டினால் கேட்டுத்தான்" என்று உச்சவரம்பு வைத்தால் வாடிக்கையாளரும் பயப்பட மாட்டார்.

ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் ஆன்லைன் தளங்கள் இந்த மூன்றுக்கும் வாசல்தான். ஃபைவரில் 5,000 ரூபாய் வேலைக்கு 20 சதவீதக் கமிஷன் போக 4,000தான் உங்களுக்கு. அப்வொர்க்கின் மணிக்கணக்கில் உங்கள் திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுப்பார்கள். அதற்கு ஈடாகப் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. கமிஷனை அடிவிலையின் மேல் ஏற்றாமல் அங்கே போகாதீர்கள்.

உரிமையும் பாக்கியும்

இந்தியப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், 1957இன்படி பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியம், எடுக்கச் சொன்ன புகைப்படம் ஆகியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். புத்தக அட்டைக்கு வரைந்ததைப் பின்னால் வேறெங்கும் விற்க நினைப்பவர் இதை எழுத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தக் கணக்கில் கூலி வாங்கினாலும் உரிமை யாருக்கு என்பது கொட்டேஷனில் இருக்க வேண்டும். மாதக்கணக்கில்தான் இது அதிகம் விடுபடுகிறது.

பாக்கியை இழுப்பவர்களிடம் வசூலிக்க, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு உதவும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பதிந்த சிறுதொழிலுக்கு ஒப்புக்கொண்ட தேதிக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிந்துகொண்டு, ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்புங்கள்.