நிக்கோட்டின் சூயிங் கம்: 12 வாரங்கள் மென்று பார்த்தபின்

சளிக்காய்ச்சல் வந்தால் வீட்டில் மற்றவர்கள் மூன்று நாளில் எழுந்து நடமாட, புகைபிடித்துவந்த எனக்கு மட்டும் இருமல் மூன்று வாரம் நெஞ்சை விட்டு அகலாததே, சிகரெட்டைக் கைவிட உதவும் இந்தச் சூயிங் கம்மை வாங்கக் காரணம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் சளியையும் அதில் சிக்கிய கிருமிகளையும் இடைவிடாமல் மேலே தள்ளுகின்றன. சிகரெட் புகை அவற்றை முடக்குவதால் வைரஸ் எளிதில் காலூன்றிவிடுகிறது. இஸ்ரேல் ராணுவப் பிரிவு ஒன்றில் இன்ஃபுளுயன்சா பரவியபோது புகைபிடித்தவர்களில் 68.5 விழுக்காட்டினரும், பிடிக்காதவர்களில் 47.2 விழுக்காட்டினரும் நோயுற்றதாக 1982-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இந்தக் கம் வைரஸைத் தடுக்கும் மருந்தல்ல. சிகரெட் புகையில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் கொடுத்து, நுரையீரலுக்குள் புகை போகாமல் பார்த்துக்கொள்கிறது. அதன் பயன் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய பயன். கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் சிகரெட்டைத் தேடுபவர்களுக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம் ஏற்றது.

என் பெரிய குறை மெல்லும் முறையைப் பற்றியது. உள்ளே வைத்திருந்த தாளில் அது பொடி எழுத்தில் இருந்ததால் நான் கவனிக்கவில்லை; மிட்டாய்போல் விடாமல் மென்று, உமிழ்நீரை விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து முதல் வாரத்திலேயே தூக்கிப்போட இருந்தேன். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் சேர வேண்டும். ஆகவே மிளகைக் கடித்தாற்போல் நாக்கு விறுவிறுக்கும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, விறுவிறுப்பு அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். ஒரு கம் அரை மணி நேரம் வரும். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழச்சாறு கூடாது, ஏனெனில் புளிப்புத்தன்மை நிக்கோட்டின் சேர்வதைக் குறைத்துவிடும்.

சுவை சுமார். தாடை சில நாள் வலித்தது.

முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம்மாகத் தொடங்கி, படிப்படியாக இடைவெளியைக் கூட்டி, 12-ஆம் வாரத்தில் நிறுத்தினேன். அதன்பின் வந்த சளிக்காய்ச்சல் ஆறே நாளில் விட்டது. ஒரே ஒரு தடவையை வைத்து எதையும் நிறுவ முடியாது என்றாலும், அந்த ஏழாம் நாள் காலை இருமாமல் எழுந்ததை என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பொய்ப்பல் அணிபவர்களுக்குக் கம் பல்லில் ஒட்டும் என்பதால் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை வசதியானது; கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு கண்டவர்களும் மருத்துவரைக் கேட்டபின்பே இரண்டில் எதையும் தொட வேண்டும்.