கம்பிச் செபமாலை: மணி சரி, வளையம் மோசம்

இந்த மாலையில் மணிகளின் எண்ணிக்கையில் குறையில்லை: அருள் நிறைந்த மரியேவுக்கு 53, கர்த்தர் கற்பித்த செபத்துக்கு 6, ஆக 59. கோளாறு வளையங்களில்தான். வாய் முழுதாகச் சேராததால், மூன்று இழையும் கூடுகிற நடுப் பதக்கத்தில் முதலில் கழன்றுகொள்ளும். சின்னக் குறடால் பக்கவாட்டில் திருகி மூடுங்கள். நேராக இழுத்துப் பிரித்தால் கம்பி தளர்ந்துவிடும். நூல் முடிச்சு மாலைக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

இரண்டு மணி மாற்றினால் மறுபடி மந்திரிக்க (குருவானவரிடம் ஆசீர் பெற) வேண்டுமா? வேண்டாம். மாலை அழிந்தாலோ விற்கப்பட்டாலோதான் அதற்குரிய பேறுபலன் (பாவத்துக்கான தண்டனைக் குறைப்பு) போகும். அதனால்தான் ‘மந்திரித்தே தருகிறோம்’ என்ற விளம்பரம் உறுத்துகிறது. வாங்கிய பிறகு குருவிடம் கொடுங்கள். சரிசெய்யவே முடியாததைக் குப்பையில் வீசாமல் மண்ணில் புதைக்கலாம். கழுத்தில் போடலாமா? பக்தியோடு என்றால் தடையில்லை, ஆனால் இந்த வளையங்கள் தாங்காது.