வெப்பமண்டல ஒயின்: திராட்சையா, அன்னாசியா?

வெப்பமண்டலத்தில் சிறிய அளவில் ஒயின் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் பந்தல் போட்டுத் திராட்சை வைக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். என் ஓட்டு அன்னாசிக்கு. திராட்சை பிறகு வரட்டும்.

குளிர்காலம் இல்லாத ஊரில் திராட்சைக் கொடி உறங்குவதில்லை. கிளைகளை வெட்டிவிடும் கவாத்துதான் அதற்குப் பருவம் காட்டும். பிரேசிலின் சாவோ பிரான்சிஸ்கோ பள்ளத்தாக்கில் இப்படிக் கவாத்து செய்தே ஆண்டுக்கு இரண்டு அறுவடை எடுக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மழை குறைந்த வறண்ட பூமி. தண்ணீர் பாசனத்தில் வருகிறது. அடைமழை கொட்டும் இடத்தில் அதே கொடி அடிச்சாம்பல் நோயில் இலையை இழக்கும். அதே நாட்டின் மினாஸ் ஜெராய்ஸில் கோடையில் மறுபடியும் கவாத்து செய்து, பழுக்கும் காலத்தை வறண்ட குளிர்பருவத்துக்குத் தள்ளுகிறார்கள். அருமையான யுக்திதான். ஆனால் கவாத்துக் கூலி இரண்டு முறை, அறுவடை ஒரு முறை.

இரவும் புழுங்கினால் இன்னொரு தொல்லை. பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலம் கரைந்துபோகும், சர்க்கரை மட்டும் ஏறும். டார்டாரிக் அமிலம் சேர்த்துத்தான் சரிக்கட்ட வேண்டும்.

அன்னாசியில் கதை தலைகீழ். புளிப்பு உண்டு, சர்க்கரை போதாது. 13 பிரிக்ஸ் சாறு (நூறு கிராமில் ஏறத்தாழ 13 கிராம் சர்க்கரை) தானாக நொதித்தால் ஆல்கஹால் சுமார் 7 சதவீதம்தான். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதவீதம் என்பது கணக்கு. 11 சதவீதம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 70 கிராம் அளவில் சர்க்கரை சேர்க்க வேண்டும். ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் குறைந்தால் அழுகிய முட்டை வாடை கிளம்பும். ஈஸ்ட் சத்து போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். நீண்ட நாள் வைத்து முதிர்விக்க இது தோதான சரக்கு அல்ல, இளசாகவே குடித்துவிட வேண்டும். மாம்பழம் என்றால் பெக்டின் என்ற பழப்பசையால் கலங்கல், அதை உடைக்கும் நொதி போடாமல் தெளியாது. சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தேடுகிறவர்களுக்கு நாவல் பழம் உண்டு, பருவம்தான் குறுகியது.

ஹவாயின் மாவி தீவில் 1974இல் தொடங்கிய ஒயின் ஆலை, கொடிகள் காய்ப்புக்கு வரும்வரை அன்னாசியில்தான் கைப்பழக்கம் செய்தது. திராட்சை வந்த பிறகும் அன்னாசி ஒயினை விடவில்லை.

எதை எடுத்தாலும் நொதிகலனைக் குளிர்விக்காமல் தப்ப முடியாது. அறைவெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பழமணம் குமிழியோடு பறந்துவிடும். 35ஐ நெருங்கினால் ஈஸ்ட்டே படுத்துவிடும். கையில் இருக்கும் பணம் முதலில் குளிர்விப்புக்குப் போகட்டும். தொடர்ந்து மூன்று மாதம் மழையில்லாமல், இரவு குளிரும் மேட்டு நிலம் வாய்த்தவர்கள் மட்டும் சிரா, ஷெனின் பிளாங்க் என்று ஒயின் திராட்சை ரகங்களை நடலாம்.