ஈறில் தடவிப் பார்க்கும் எச்.ஐ.வி. சுயபரிசோதனைக் கருவி: 20 நிமிடக் காத்திருப்பும் 3 மாதக் கணக்கும்

நானும் என் துணைவராக வரவிருப்பவரும் சேர்ந்து வாழத் தொடங்கும் முன் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம். ஊசி என்றாலே எனக்குக் கை நடுங்கும் என்பதால், விரலில் குத்தி ரத்தம் எடுக்கும் வகையை விட்டுவிட்டு, ஈறில் தடவி எடுக்கும் வகைக் கருவியை ஆளுக்கொன்றாக வாங்கினோம். இத்தகைய கருவியைக் கடையில் நேரடியாக விற்க அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் முதன்முறையாக அனுமதி அளித்தது. 2016-இல் உலக சுகாதார நிறுவனமும் சுயபரிசோதனையைப் பரிந்துரைத்தது.

பெட்டிக்குள் இரண்டு உறைகள் இருக்கின்றன. ஒன்றில் சிறிய திரவக் குப்பியும், மற்றொன்றில் நுனியில் தட்டையான பஞ்சுப் பட்டை கொண்ட குச்சியும் உள்ளன. சோதனைக்கு 15 நிமிடம் முன்பிருந்தே எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. குப்பியின் மூடியை மேல்நோக்கி இழுக்காமல், முன்னும் பின்னும் மெல்ல அசைத்துத்தான் திறக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் வெடுக்கென்று இழுத்ததில் என் குப்பியின் திரவம் மேசையில் கொட்டிவிட்டது. மாற்றுத் திரவம் எதுவும் பெட்டியில் இல்லாததால் அந்தக் கருவி வீணாகி, புதிதாக ஒன்று வாங்க நேர்ந்தது. மேல் ஈறு நெடுகிலும் ஒருமுறை, கீழ் ஈறு நெடுகிலும் ஒருமுறை பட்டையைத் தடவி, குச்சியைத் திரவத்தில் நிறுத்திவிட வேண்டும். நாக்கிலும் அண்ணத்திலும் தடவக் கூடாது. இளஞ்சிவப்பு நிறம் மெல்ல மேலேறி, பிறகு வெளுத்து, கோடு மட்டும் நிற்கும். ஒற்றைக் கோடு என்றால் தொற்று தென்படவில்லை, இரண்டு கோடு என்றால் தொற்று இருக்கலாம் என்று பொருள். 20 நிமிடத்துக்கு முன்பும் 40 நிமிடத்துக்குப் பின்பும் முடிவைப் படிக்கக் கூடாது.

காத்திருக்கும்போது அவர் கேட்டார்: "வாயில் தடவித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், ஒரே தம்ளரில் குடித்தாலும் தொற்றுமா?" வாங்கும் எவருக்கும் எழக்கூடிய இந்தக் கேள்விக்குப் பெட்டியில் இருந்த விளக்கத்தாளில் ஒரு வரிகூடப் பதில் இல்லை. கருவி தேடுவது வைரஸை அல்ல. வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. எச்சில், வியர்வை, கண்ணீர் ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவுவதில்லை, கொசுக்கடியாலும் பரவுவதில்லை. தொற்று உள்ளவரின் ரத்தம், விந்து, பிறப்புறுப்பு மற்றும் ஆசனவாய்த் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவை வழியாகவே அது பரவுகிறது. ஆணுறை இல்லாத உடலுறவு, ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றொருவர் பயன்படுத்துதல், கர்ப்பம், பிரசவம், பாலூட்டல் ஆகியவையே அதற்கான முக்கியச் சந்தர்ப்பங்கள்.

எதிர்ப்பொருளைத் தேடுவதில்தான் கருவியின் வரம்பும் அடங்கியிருக்கிறது. தொற்றிய மறுநாளே எதிர்ப்பொருள் உருவாகிவிடுவதில்லை என்பதால், கடைசியாகத் தொற்றும் வாய்ப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 3 மாதம் கழிந்த பிறகே 'இல்லை' என்ற முடிவை நம்பலாம். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் எதிர்ப்பொருளோடு வைரஸின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் பரிசோதனை, பெரும்பாலும் 18 முதல் 45 நாட்களுக்குள் தொற்றைக் காட்டிவிடும். மேலும், 2012 அனுமதிக்கு முன் நடந்த ஆய்வில், தொற்று உள்ளவர்களில் 12 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கருவி தவறவிட்டது. தொற்று இல்லாதவர்களிலோ 5,000 பேருக்கு ஒருவரிடம்தான் இருப்பதாகத் தவறாகக் காட்டியது. ஏற்கெனவே எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்துச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இந்தக் கருவி பொருந்தாது.

என் பெரிய குறை இனிமேல்தான் வருகிறது. நேற்றிரவு ஆணுறை கிழிந்துவிட்டது என்று பதறிப்போய் இந்தப் பெட்டியை வாங்கும் ஒருவருக்கு, ஒற்றைக் கோடு பொய்யான நிம்மதியைத் தரும். அவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் தொடர்ந்து உட்கொண்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுக்க முடியும். இந்தச் செய்தி பெட்டியின் மூடியிலேயே பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும். விளக்கத்தாளின் பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் ஒதுங்கிக் கிடக்கிறது. தொற்றும் வாய்ப்பு அடிக்கடி உள்ளவர்கள் முன்கூட்டியே தினமும் உட்கொள்ளும் 'பிரெப்' மாத்திரை பற்றியோ மூச்சே இல்லை. அதை முறையாக எடுத்துக்கொண்டால் உடலுறவு வழித் தொற்று ஏறத்தாழ 99 விழுக்காடு குறைகிறது.

இரண்டு கோடு வந்தால் என்ன செய்வது என்ற பகுதி மட்டும் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான் என்பதையும், அது இறுதி முடிவு அல்ல, மருத்துவமனையில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் படத்தோடு விளக்கியிருக்கிறார்கள். சிகிச்சையால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பிறருக்குப் பரவாது என்பதையும் அங்கே சேர்த்திருந்தால், கைநடுக்கத்தோடு அந்தப் பக்கத்தைப் படிப்பவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் இருவருக்கும் ஒற்றைக் கோடுதான் வந்தது. என் முந்தைய உறவு முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதால், என் முடிவைக் கணக்கில் எடுத்துக்கொண்டோம். அவருடைய உறவு முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த மாதம் ஒரு தேதியைக் குறித்து வைத்து, ஆய்வகத்திலேயே ரத்தம் கொடுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை ஆணுறை என்று பேசி வைத்திருக்கிறோம்.