மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறீர்களா? எங்கள் 1,30,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கை நடுங்கிக்கொண்டிருக்கிறது, எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் பார்த்தேன். போன வாரம் சாக்கடைத் தண்ணீரில் நின்றுகொண்டு நாங்கள் காலி செய்த வீடு, அதே வாடகை ஆப்பில், ஆகஸ்டில் நாங்கள் பார்த்து ஏமாந்த அதே புகைப்படங்களோடு திரும்ப வந்திருக்கிறது. வாடகை மட்டும் ஆயிரம் ரூபாய் கூட. கீழே ‘மழைநீர் தேங்காத பகுதி’ என்று ஒரு வரி. எங்கள் 1,30,000 ரூபாயில் ஒரு ரூபாய் கூடத் திரும்பி வரவில்லை, அதற்குள் அடுத்த ஆளுக்கு வலை.

வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து புருஷன் பெண்டாட்டியாக முதல் வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த ஏரியாவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டை. போன மாசியில் கல்யாணம். அவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை, எனக்குச் சோழிங்கநல்லூரில். கல்யாணத்துக்கு அப்புறமும் ஆறு மாதம் அவர் மேன்ஷனில், நான் ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்து பேசிவிட்டு ஆளுக்கொரு பஸ் ஏறுவோம். ஆடி முடியட்டும், ஆவணி பிறந்ததும் வீடு பார்க்கலாம் என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். காத்திருந்தோம்.

இரண்டு பேருக்கும் நடுவில் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் கணக்கு. நங்கநல்லூரும் ஆதம்பாக்கமும் அவருக்கு வசதி, ஆனால் எனக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்து வருவது சிரமம். நங்கநல்லூரில் மனதுக்குப் பிடித்த வீட்டுக்கு 24,000 கேட்டார்கள். துரைப்பாக்கம், பெருங்குடி எனக்குப் பக்கம், அவருக்குத் தூரம். வேளச்சேரி என்றதும் மழைத் தண்ணீர் பயம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்களே, அதை டிவியில் பார்த்திருக்கிறோம். அதனால் வேளச்சேரி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் தெற்கே போய், பள்ளிக்கரணைக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் வந்து நின்றோம். தண்ணீருக்குப் பயந்து தண்ணீரின் வழியிலேயே போய் நின்றிருக்கிறோம் என்று அப்போது தெரியாது.

அந்த ஆப்பில் ‘புரோக்கர் கிடையாது, நேரடியாக ஓனர்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. நமக்கென்று தனியாக ஒரு ஆளைப் போட்டு வீடு காட்டுவார்களாம், அதற்கு 4,000 ரூபாய். கட்டினோம். வந்த ஆள் அசல் புரோக்கர். ஒரு மாத வாடகை 18,000 கமிஷன் என்று அவர் வாயைத் திறந்தபோதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அவர் முதலில் கேட்டது கமிஷனை இல்லை, எங்கள் ஊரை. பாளையங்கோட்டை என்றதும் முகமே மாறிவிட்டது. “அட, நான் சங்கரன்கோவில் பக்கம்தான் தங்கச்சி” என்றார். சமாதானபுரம், முருகன்குறிச்சி என்று ஒவ்வொரு இடமாகச் சொன்னார். இந்த ஊரில் மூன்று வருடமாக நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்காமல் இருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். “நம்ம ஊர்ப் புள்ளைகளுக்கு நான் தப்பான வீடு காட்டுவேனா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் விழுந்தோம்.

வீடு தரைத்தளம், ஒரு படுக்கையறை, நல்ல வெளிச்சம். சாயங்காலக் காற்று ஜிலுஜிலு என்று வந்தது. “பக்கத்துலயே சதுப்பு நிலம், சீசன்ல பூநாரை எல்லாம் வரும், ராம்சார் அங்கீகாரம் வாங்கின இடம்” என்று பெருமையாகச் சொன்னார். உண்மைதான், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்கிற அந்த அங்கீகாரம் 2022-ல் கிடைத்தது. ஆனால் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் வீடு என்றால் என்ன அர்த்தம் என்று அவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் உறைக்கவில்லை. வாசலிலேயே மெட்ரோ வரப்போகிறது என்றும் சொன்னார். அந்த ரோட்டில் மெட்ரோ வேலை நடப்பது நிஜம், அதனால் மற்றதும் நிஜமாகத்தான் இருக்கும் என்று நம்பினோம்.

மழை பற்றி நான் கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டேன். புரோக்கரிடம் கேட்டேன், ஓனரிடம் கேட்டேன், ஓனர் மனைவியிடமும் கேட்டேன். ஓனர் ஓய்வு பெற்ற மனிதர், நெற்றி நிறைய விபூதி. “2015-லயே நம்ம தெருவுக்குத் தண்ணி வரலம்மா, மிக்ஜாம் புயல்லயும் வாசப்படியோட நின்னுடுச்சு” என்றார். அந்த அம்மா காபி கொடுத்து, வெள்ளிக்கிழமை என்று குங்குமமும் வைத்துவிட்டு, “நீயும் எனக்குப் பொண்ணு மாதிரிதான்” என்று என் கையைப் பிடித்தார். சுவரெல்லாம் புதுப் பெயிண்ட். நன்றாகப் பார்த்தால் இடுப்பு உயரம் வரை ஒரு நிறம், அதற்கு மேலே கொஞ்சம் மங்கல். டிசைன் என்று நினைத்தேன். ஈபி மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே இருந்தது, எதிர் வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசிய தடுப்பு, தண்ணி மோட்டார் ஒரு மேடை மேலே. எல்லாம் கண் முன்னால்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றார் என் கணவர். “அவங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க தம்பி, ஏழு மணிக்கு இன்னொரு பார்ட்டி வராங்க, டோக்கன் போட்டுட்டீங்கன்னா நான் நிறுத்திடுவேன்” என்றார் புரோக்கர். அங்கேயே நின்று 10,000 ரூபாய் ஜிபே பண்ணினோம்.

மீதி அட்வான்ஸ் அடுத்த வாரம். டோக்கனையும் சேர்த்து ஆறு மாத வாடகை, 1,08,000. புரோக்கருக்கு 18,000. ஆப்புக்கு ஏற்கெனவே 4,000. கூட்டினால் 1,30,000 ரூபாய். கல்யாண மொய்ப் பணத்தில் மிச்சம் வைத்திருந்ததும் என் இரண்டு வளையலை அடகு வைத்ததும் சேர்ந்த பணம் அது. என் மாமியார் ஊரிலிருந்து ரயிலில் வந்து பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தோம், அதையும் சொல்ல வேண்டும். போர் தண்ணி உப்பு, வாரம் ஒரு லாரித் தண்ணிக்குப் பங்கு கொடுக்க வேண்டும், அதைக்கூடச் சென்னை என்றால் இப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டோம்.

அப்புறம் அந்த ராத்திரி. சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. இரண்டு மணி இருக்கும், பாத்ரூமில் கொடகொட என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், தண்ணீர் வாசலிலிருந்து வரவில்லை, பாத்ரூம் ஓட்டை வழியாக மேலே வருகிறது, கறுப்பாக, நாற்றத்தோடு. துணியை அடைத்தோம், வாளியைக் கவிழ்த்து அதன் மேல் அம்மிக்கல்லை வைத்தோம். நாலு மணிக்கு வாசல் பக்கமும் வந்துவிட்டது. மெத்தை, பிரிட்ஜ், என் சர்டிபிகேட் இருந்த பெட்டியின் அடிப்பாகம் எல்லாம் போனது. விடிந்தபோது முழங்காலுக்கு மேலே நின்றது. மாடி வீட்டு அக்காதான் எங்களை மேலே கூட்டிக்கொண்டு போய்க் காபி கொடுத்தார். “போன வருஷம் இருந்தவங்களும் இப்படித்தான் விடிகாலைல எங்க வீட்ல வந்து உக்காந்தாங்க” என்றார். ஏன் அக்கா முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா எங்களையும் காலி பண்ணச் சொல்லிடுவாரும்மா” என்று அழுதுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அன்றைக்குத்தான் மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தோம். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு வரும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அப்புறம் ஒக்கியம் மடுவு என்கிற வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். தென்சென்னையில் பல ஏரிகளின் மழைத் தண்ணீர் போகிற பாதை அது. மடுவு தாங்காவிட்டால் தண்ணீர் பின்னால் திரும்பும். திரும்புகிற இடத்தில் எங்கள் தெரு. இதை ஐந்து நிமிடத்தில் மேப்பில் பார்த்திருக்கலாம். ஆபீஸுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் நூறு தடவை பார்த்தோம்.

இனிமேல் நடந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். புரோக்கருக்குப் போன் செய்தேன். ஆகஸ்டில் தங்கச்சி, இப்போது மேடம். “மேடம், சென்னைன்னா மழைக்குத் தண்ணி வரத்தான் செய்யும், வீடு காட்டுறதோட என் வேலை முடிஞ்சுது” என்றார். நம்ம ஊர்ப் பேச்சும் காணாமல் போய்விட்டது. மூன்றாவது தடவை போன் போகவே இல்லை. ஆப்பில் புகார் போட்டால், ‘நாங்கள் இரு தரப்பையும் இணைக்கும் தளம் மட்டுமே’ என்று ஒரு பதில், பத்து நிமிடத்தில் புகார் முடிக்கப்பட்டது என்று ஒரு செய்தி, அதற்குக் கீழேயே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று ஒரு கேள்வி. திரும்பப் புகார் போட்டேன், அதே பதில். இணைக்கிற வேலைக்கு 4,000 ரூபாய் வாங்கினீர்களே, புரோக்கர் இல்லை என்று சொல்லிப் புரோக்கரை அனுப்பினீர்களே என்று கேட்டதற்கு இன்றைக்கு வரை பதில் கிடையாது.

ஓனர் முதல் நாள் “பாத்துக்கலாம்மா, தண்ணி வடியட்டும்” என்றார். இரண்டாம் நாள் “புது ஆள் வந்ததும் தரேன்” என்றார். மூன்றாம் நாள் ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். 11 மாதத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாது என்று அதில் இருக்கிறது. நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அது போதாதென்று, ஈரத்தில் சுவர் உரிந்திருக்கிறது, பெயிண்ட் செலவும் நீங்கள்தான் தர வேண்டும் என்கிறார். அவர் வீட்டுக்குள் வந்த சாக்கடை உரித்த சுவருக்கு நாங்கள் பெயிண்ட் அடிக்க வேண்டுமாம்! என் கணவர் நேரில் போனபோது, “மழை இயற்கை தம்பி, நானா திறந்துவிட்டேன்?” என்று கேட்டாராம். பொண்ணு மாதிரி என்று சொன்ன அம்மா கதவைத் திறக்கவே இல்லை. இன்றைக்குக் காலையிலிருந்து எங்கள் இரண்டு பேர் நம்பரும் பிளாக்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேசினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தீர்களா என்பது. தமிழ்நாட்டில் 2017-ல் கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019-லிருந்து நடைமுறையில் இருக்கிறதாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாதாம். எங்கள் ஒப்பந்தத்திலோ ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. பதிவும் இல்லை. புரோக்கர் ஒரு முத்திரைத்தாளில் அச்சடித்துக் கொண்டுவந்தார், ‘எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க’ என்றார், போட்டோம். நோட்டீஸ் அனுப்பிப் பார்க்கலாம், உடனே பணம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார் வக்கீல்.

1,30,000 ரூபாய். மெத்தையும் பிரிட்ஜும் வண்டிக் கூலியும் தனி. இப்போது அவர் திரும்ப மேன்ஷனில், நான் திரும்ப ஹாஸ்டலில்.

ஏரியா எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது எழுத மனசு இல்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். தென்சென்னையில் தரைத்தளம் எடுக்கவே எடுக்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. வெயில் காலத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், முடிந்தால் ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்த மறுநாள் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். புரோக்கரை விட்டுவிட்டுத் தனியாகப் போய் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், 2015-லும் 2023-லும் இங்கே எவ்வளவு தண்ணி நின்றது என்று. மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மேப்பில் ஏரியும் கால்வாயும் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். அன்றைக்கே டோக்கன் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கடைசிப் பக்கம் வரை இரண்டு பேரும் படியுங்கள், பதிவு செய்யாமல் சாவியை வாங்காதீர்கள். ஊர்க்காரர் என்று சொன்னால் நம்பாதீர்கள். இதை எழுதும்போது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இப்போதுதான் மாடி வீட்டு அக்கா போன் செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஒரு ஜோடி வருகிறதாம், புதுசாகக் கல்யாணம் ஆனவர்களாம். பெயிண்டர் இன்றைக்கே வந்து இடுப்பு உயரம் வரை அடித்துக்கொண்டிருக்கிறாராம். அந்த ஜோடி நீங்களாக இருந்தால், பாத்ரூம் ஓட்டையைக் குனிந்து பாருங்கள், அப்புறம் மாடிக்குப் போய் அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இந்தத் தடவை சொல்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.