டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6: மேக் வடிகட்டியை நம்பி வாங்கலாமா?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் ரவுட்டர் வாங்க வரும் கடைக்காரர்களும் லாட்ஜ்காரர்களும் கேட்பது ஒன்றுதான்: "பாஸ்வேர்டு ஊரெல்லாம் பரவிருச்சு, நம்ம போனுக்கு மட்டும் நெட் வர்ற மாதிரி செய்ய முடியுமா?" ஆர்ச்சர் சி6-ல் அதற்கென ஆக்சஸ் கன்ட்ரோல் இருக்கிறது; ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் எண் என்ற அடையாள எண்ணைப் பார்த்து ஆளை விடும், தடுக்கும் வடிகட்டி அது. கடைக்கு உதவும். லாட்ஜுக்கு வீண்வேலை.

பிரவுசரில் 192.168.0.1 அடித்து, அட்வான்ஸ்டு, செக்யூரிட்டி என்று போனால் ஆக்சஸ் கன்ட்ரோல் வரும்; பதிப்பைப் பொறுத்து மெனு கொஞ்சம் மாறும். பிளாக்லிஸ்ட் சிலரைத் தடுக்கும், வைட்லிஸ்ட் பட்டியலில் உள்ளவரை மட்டும் விடும். வைட்லிஸ்ட்டை இயக்கும் முன் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கருவியின் மேக் எண்ணை முதலில் சேருங்கள். லேப்டாப்பில் வைஃபைக்கு ஒரு எண், கேபிளுக்கு வேறு எண். இரண்டையும் சேர்க்க வேண்டும். மறந்தால் ரீசெட்தான் வழி. ரீசெட் செய்தால் நெட்டில் நுழைய இணைய நிறுவனம் கொடுத்த பிபிபிஓஇ பயனர் பெயரும் அழிந்துவிடும், முன்பே குறித்து வையுங்கள்.

அடுத்த சிக்கல் போன்கள். மேக் எண்ணின் 12 இலக்கங்களில் (0 முதல் 9, A முதல் F வரை) முதல் 6 தயாரிப்பாளரைக் காட்ட வேண்டும். ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி எண்ணைக் காட்டுகின்றன. இரண்டாம் இலக்கம் 2, 6, A, E என்று இருந்தால் அது போலி எண். வைட்லிஸ்ட்டில் சேர்க்கும் போனில், அந்த வைஃபையின் பிரைவசி பகுதியில் டிவைஸ் மேக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்; ஐபோனில் என்றால் பிரைவேட் வைஃபை அட்ரஸை அணைக்க வேண்டும். இதே செட்டிங்தான் பிளாக்லிஸ்ட்டைக் கவிழ்ப்பதும்: தடுக்கப்பட்ட பையன் அதை மாற்றினால் ரவுட்டருக்கு அவன் புது ஆள். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாஸ்வேர்டுப் பூட்டு போட்டிருந்தாலும் மேக் எண் காற்றில் திறந்தபடியே போகிறது. விஷயம் தெரிந்தவர் அதைப் பிடித்துத் தன் கருவிக்குப் போட்டுக்கொள்வார்.

தினம் ஆள் மாறும் லாட்ஜில் விருந்தினருக்கான தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க்கை இயக்கி, வாரம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றினால் போதும். கருவாட்டுக் கடையின் பில் பிரின்டர், கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆர் மாதிரி இடம் மாறாத கருவிகளுக்கு வைட்லிஸ்ட் சரி. மேக் எண்ணை வைத்து டிவிஆருக்கு நிலையான ஐபி (நெட்வொர்க்குக்குள் முகவரி) ஒதுக்கும் அட்ரஸ் ரிசர்வேஷன்தான் உண்மையில் அதிகம் பயன்படும்.

பெட்டியைக் கடல் பார்த்த ஜன்னலில் வைக்காதீர்கள். உப்புக் காற்றில் கேபிள் செருகும் லேன் சாக்கெட் பின்கள் பச்சை பிடித்தால், கேபிள் இணைப்பு அடிக்கடி அறுவதற்கு வடிகட்டியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.